பட்டியலில் இல்லாத ஆயில்

எங்கள் ஊரில் பிப்ரவரிக் கடைசியில் வரும் மூன்று நாட்களுக்கு என்னைவிட முக்கியமான ஆள் கிடையாது. மீதி முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் என்னைவிட முக்கியமில்லாத ஆளும் கிடையாது.

அந்த மூன்று நாள், வெள்ளி காலை முதல் ஞாயிறு இரவு வரை, எங்கள் அலபாமா மாநிலத்தில் புயலுக்கென்று வீட்டில் வாங்கி வைக்கும் சாமான்களுக்கு விற்பனை வரி இல்லை. எல்லாச் சாமானுக்கும் அல்ல. அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. டார்ச் லைட், பேட்டரி, தார்ப்பாய், ஒட்டும் டேப், ஐஸ் பெட்டி, வாக்கி டாக்கி, பெட்ரோல் கேன், ஆயிரம் டாலரைத் தாண்டாத ஜெனரேட்டர் என்று போகும். தேவாலயத்தில் பாட்டின் நடுவில் சொல் மறந்து உதட்டை மட்டும் அசைக்கிறவன் நான். இந்தப் பட்டியலில் எனக்கு ஓர் எழுத்து பிசகாது.

என் பெயர் டெல்மர் ப்ரூயிட். அப்பாவுக்குக் கடலில் சிப்பி அள்ளும் தொழில். எனக்குப் படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். பன்னிரண்டு வயதில் அப்பாவின் புது பூட்ஸுக்குள் வாந்தி எடுத்த அன்றோடு என் கடல் வாழ்க்கை முடிந்தது. அதனால் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், வரி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கே மேஜை ஆடாது. முப்பத்தொரு வருடம், ஊர்க் கடைக்காரர்கள் மாதாமாதம் கொண்டுவந்து கட்டும் விற்பனை வரியை வாங்கி ரசீது போட்டேன். என்னைப் பார்த்து ஒருவனும் ஒரு நாளும் சிரித்ததில்லை. சட்டம் போட்டது என்னவோ நான்தான் என்பதுபோல ரசீதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வருடத்தில் மூன்று நாள் வரி கொடுக்காமல் வாங்கலாம் என்றால் எப்படி இருக்கும்? முதல் வருடம் லெஸ்டர் கடை வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் நின்றேன். கடை திறப்பது ஏழரைக்கு. லெஸ்டர் வந்து பூட்டைத் திறந்தபோது என் விரலெல்லாம் விறைத்துப் போயிருந்தது.

"என்ன டெல்மர், கடைய வாங்க வந்தியா, பொருள் வாங்க வந்தியா?" என்றான்.

ஓய்வு பெற்ற பிறகு அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஆணியும் பெயிண்டும் விற்கிற அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். பட்டியலை பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் வைத்திருப்பேன். யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

"டெல்மர், தலையில மாட்டற லைட்டுக்கு வரி உண்டா?"

"கிடையாது. கூடவே எடுத்துட்டுப் போற வெளிச்சம்னு போட்டிருக்கு. தலையக் கழட்டி வீட்டுல வச்சிட்டா வருவே?"

வரிசையே சிரிக்கும். வாழ்நாள் முழுவதும் யாரைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தார்களோ, அந்த என் பேச்சுக்கு. மூன்று நாளும் எனக்குக் கால் தரையில் பாவாது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையை என் மனைவி நெல்டா 'மியூசியம்' என்பாள். பதினேழு டார்ச் லைட், ஒன்பது தார்ப்பாய், எட்டு பெட்ரோல் கேன், ஆறு ஜோடி வாக்கி டாக்கி. எல்லாம் பெட்டி பிரிக்காமல், வருட வாரியாக. புயலில் பறக்காமல் இருக்க அஸ்திவாரமில்லாத டிரெய்லர் வீட்டைத் தரையோடு கட்டிப்போடும் சங்கிலி ஒரு செட்டும் உண்டு. எங்களுடையது பத்தடித் தூண்மேல் நிற்கும் மரவீடு. கட்டிப்போட ஒன்றும் இல்லை. பட்டியலில் இருந்தது, வாங்கினேன்.

ஒரு முறை கொட்டகையில் தூசி தட்டிக்கொண்டிருந்த நெல்டா கேட்டாள். "டெல்மர், டின் ஓப்பனர் நாலு இருக்கு. திறக்கறதுக்கு ஒரு டின் எங்கே?"

"சாப்பாட்டு டின்னு பட்டியல்ல இல்ல நெல்டா."

"ஓப்பனர் இருக்கு, டின் இல்லையா?"

"அரசாங்கம் அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப புயல் வந்தா ஓப்பனரை வேக வச்சுத் தின்னுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீடு லியெனுடையது. வியட்நாமிலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவள். புருஷன் இறால் படகு ஓட்டியவன். போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. படகையும் விற்றாகிவிட்டது. அவள் இன்னமும் நண்டு உடைக்கும் கம்பெனியில் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் வேலி ஓரம் நின்று அவளைக் கூப்பிடுவேன்.

"லியெனம்மா, நாளைக்கு வரி கிடையாது. வா, என் வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்."

"நாளைக்கு வேலை இருக்கு டெல்மர் அண்ணே. எப்பக் கடைக்குப் போறேனோ அப்ப ஏதாவது ஒண்ணு கூட வாங்கிட்டு வந்துடுவேன்."

"அதுக்கு வரி கட்டறியே!"

"கட்டறேன். நீங்க மிச்சம் பிடிச்சதுல எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க."

அவள் வருடத்துக்கு எவ்வளவு வரி வீணாகக் கட்டுகிறாள் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு அவளிடமே கொண்டுபோய்க் காட்டியவன் நான். அவள் அந்தக் காகிதத்தின்மேல் ஒரு கிண்ணம் நூடுல்ஸை வைத்து, சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். காகிதம் ஈரமாகிவிட்டது.

ஜெனரேட்டர் கதைக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் அது. லெஸ்டர் கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று ஆயிரத்து நாற்பத்தொன்பது டாலர். பொத்தானை அழுத்தினால் ஓடும்; வேண்டிய எல்லாம் பெட்டியிலேயே வரும். இன்னொன்று தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. கயிற்றை இழுத்து ஓட்ட வேண்டும்.

"பெரிசையே எடுத்துக்கோ டெல்மர். உன் தோளுக்கு அந்தக் கயிறு ஆகாது," என்றான் லெஸ்டர்.

"அது ஆயிரத்தைத் தாண்டுது. தாண்டினா மொத்தத்துக்கும் வரி. நூத்தஞ்சு டாலர் என்ன மரத்துலயா காய்க்குது?"

சின்னதைக் கல்லாவுக்குத் தள்ளி வந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில். லெஸ்டர் கை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"எஞ்சின் ஆயில். இதையும் போட்டுடறேன். பதினோரு டாலர்."

"அது பட்டியல்ல இருக்கா?"

"எனக்கென்னப்பா தெரியும், நீதானே பட்டியலு."

"இல்ல. ஆயில் பட்டியல்ல இல்ல. வரி ஒரு டாலர் பத்து சென்ட்."

வரிசை என்னையே பார்த்தது. முக்காலியில் உட்கார்ந்து மூன்று நாளாக ஊருக்கே உபதேசம் செய்தவன், அன்றைக்கென்று பார்த்து வரி கட்டினால் என் மானம் என்னாவது?

பாட்டிலை விரலால் அவன் பக்கம் தள்ளினேன். "அப்புறமா வந்து வாங்கிக்கறேன்," என்றேன். வரிசையில் ஒருத்தன் கை தட்டினான். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். பெட்டி பிரிக்காமல் ஜெனரேட்டர் மியூசியத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தது. அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெல்டாவின் நுரையீரல் பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் புகை; வெளியே வந்தால் சிகரெட் புகை. சிகரெட்டை விட்டாள். அது அவளை விடவில்லை. ஆக்சிஜன் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. கரண்டில் ஓடி, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஐம்பது அடிக் குழாய் வழியாக அவள் மூக்குக்குக் கொடுக்கும். ராப்பகலாக அந்த 'ர்ர்ர்' சத்தம். அவள் வீட்டைச் சுற்றி நடக்க, குழாய் பின்னாலேயே போகும். வாரத்தில் இரண்டு முறையாவது அதில் கால் தடுக்கி விழுவேன். கரண்ட் போனால் மாட்டிக்கொள்ள ஒரே ஒரு சிலிண்டர் கொடுத்தார்கள். ஐந்து மணி நேரம் வரும் என்றார்கள்.

அன்றிலிருந்து நான் அவளை எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

போன செப்டம்பரில் புயல் வந்தது. திங்கட்கிழமை டி.வி. வரைபடத்தில் அதன் கோடு நேராக எங்கள் கரைமேல் இருந்தது. அதைப் பார்த்து என்னையறியாமல் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. கடலை விட்டுத் தள்ளி, மாண்ட்கோமரியில் இருக்கும் நெல்டாவின் தங்கை ரொவீனா போன் செய்தாள். "அக்காவக் கூட்டிட்டு உடனே கிளம்பி வாங்க. மாடி ரூம் காலியா இருக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு."

நெல்டா ஒரு பையில் துணியும் மருந்தும் எடுத்து வைத்துவிட்டாள். செருப்புகூட மாட்டிவிட்டாள். நான் பைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது ஆள், மிட்டாய் கிடைக்காத பிள்ளை மாதிரி.

"என்ன டெல்மர்?"

"ஒண்ணுமில்ல. அப்ப நான் இத்தனை வருஷமா வாங்கி வச்சதெல்லாம் எதுக்குன்னு யோசிக்கிறேன்."

"அதெல்லாம் எங்கேயும் போயிடாது."

"பெரிய புயல் இல்ல நெல்டா. அஞ்சுல ரெண்டாம் நம்பருக்கு மேல போகாதாம். கரண்ட்டுதானே போகும்? நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்கு. ரோட்டுல எல்லாக் காரும் நிக்கும்போது உன் சிலிண்டர் தீர்ந்தா என்ன பண்றது?"

கடைசி வாக்கியம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக நான் அதைச் சொல்லவில்லை. அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"சரி, இருப்போம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டு கேனில் இரண்டில் பெட்ரோல் நிரப்பி வந்தேன். டார்ச்சுகளை ஜன்னல் ஓரமாக அணிவகுத்து வைத்தேன். கொட்டகையிலிருந்து ஜெனரேட்டர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சாய்தளம் வழியாகத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தேன். பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. தேவைப்படாவிட்டால் பிரித்த பெட்டி வீண்தானே.

புயல் செவ்வாய் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய அடித்தது. புதன் காலை காற்று இறங்குகிற நேரத்தில், சரியாக ஆறு மணிக்கு, கரண்ட் போனது. 'ர்ர்ர்' நின்று மெஷின் கீச்சென்று அலறியது. ஓடிப்போய் சிலிண்டரை மாட்டினேன். அதன் மேலிருக்கும் மீட்டரில் முள் பச்சையில் நின்றது.

"நீ காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கரண்ட் வரும் பாரு," என்றேன்.

"காப்பிய எதுல போடறது?" என்றாள் நெல்டா. எங்களுடையது கரண்ட் அடுப்பு.

தாழ்வாரத்துக்குப் போய்ப் பெட்டியைக் கத்தியால் கீறினேன். மூன்றரை வருடம் காத்திருந்த கணம். உள்ளே சிவப்பும் கருப்புமாகப் பளபளத்தது. பெட்ரோல் ஊற்றி, காலை ஊன்றி, கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. பத்து முறை இழுத்தேன். முப்பது முறை. தோள்பட்டை லெஸ்டர் சொன்னபடியே போயிற்று. இடையிடையே உள்ளே போய், "சூடாகிட்டிருக்கு, புது எஞ்சின் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு வந்தேன். முள் பச்சையை விட்டு மஞ்சளுக்கு வந்திருந்தது.

ஏழே முக்காலுக்கு வழுக்கி உட்கார்ந்தபோது பூட்ஸுக்கு அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. கயிற்றில் கட்டியிருந்த சிவப்பு அட்டை. பெட்டியைப் பிரிக்கும்போது கத்தி பட்டு அறுந்திருக்கிறது. 'நில்! இந்த எஞ்சினில் ஆயில் இல்லை. ஆயில் ஊற்றாமல் ஓடாது' என்று நாலு மொழியில் போட்டிருந்தது. நாலும் எனக்குப் புரிந்தது.

பதினோரு டாலர் பாட்டிலை லெஸ்டர் பக்கம் தள்ளிய விரலைப் பார்த்தேன். வெட்டிப்போடலாம்போல் இருந்தது.

மியூசியம் முழுக்கத் துழாவினேன். பட்டியலில் உள்ளது எல்லாம் இருந்தது. பட்டியலில் இல்லாதது எதுவும் இல்லை. சமையல் எண்ணெயை ஊற்றலாமா என்றுகூட ஒரு நிமிடம் பாட்டிலும் கையுமாக நின்றேன். போனில் சிக்னல் இல்லை. அவசர எண் போகவில்லை. வாக்கி டாக்கி ஞாபகம் வந்தது. ஆறு ஜோடி, பன்னிரண்டு கருவி. பன்னிரண்டும் என் வீட்டில். ஒன்றை எடுத்துப் பேசினால் பதில் சொல்ல வேண்டிய மற்ற பதினொன்றும் பெட்டிக்குள். ஒன்றை லியெனிடம் கொடுத்து வைத்திருக்கலாம். ஜோடி கெட்டுவிடும் என்று கொடுக்கவில்லை.

நெல்டாவைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடலாமென்று பார்த்தால், சாலைக்குக் குறுக்கே எட்டு ஆள் கட்டிப்பிடிக்கிற ஓக் மரம் சாய்ந்து கிடந்தது. இருபக்கமும் முழங்கால் தண்ணீர்.

உள்ளே போனபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. நெல்டா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூச்சை எண்ணி எண்ணி விடுவதுபோல் இருந்தது. மீட்டரைப் பார்த்தேன். மஞ்சள் முடிகிற இடம்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"பாதிக்கு மேல இருக்கு," என்றேன்.

பொய். முப்பத்தொரு வருடம் எண்களைப் பார்த்துப் பிழைத்தவன், கட்டியவளிடம் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னேன்.

"இதோ பக்கத்து வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். போகும்போது அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் சத்தமாகவே அழுதேன்.

லியென் மாடித் தாழ்வாரத்தில் கேஸ் அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடங்கள், அரிசி மூட்டை, மீன் டின்கள். எல்லாம் வரி கட்டி வாங்கியவை. என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"நெல்டா அக்காவா?"

"இன்னும் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம்தான் இருக்கும் லியென். ஜெனரேட்டருக்கு ஆயில் இல்ல. உன்கிட்ட..."

"படக வித்தப்பவே எல்லாம் போயிடுச்சு அண்ணே." ஒரு கணம் யோசித்தாள். "உங்க வண்டி எங்கே நிக்குது?"

"வீட்டுக்குப் பின்னால மேட்டுல. ரோட்டுல மரம் கிடக்குது லியென், வண்டி எப்படிப் போகும்?"

"வண்டியில போக வேண்டாம். அதுல ஆயில் இருக்கில்ல?"

விழித்தேன். முப்பது வருடமாக அந்தப் பிக்கப்பை ஓட்டுகிறேன். அதற்குள் எண்ணெய் இருக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வான். நான் ரசீதை மட்டும் வாங்கிச் சரிபார்ப்பேன்.

அவள் புருஷனின் ஸ்பேனர் பெட்டியை எடுத்தாள். "நீளமா வயர் இருக்கா உங்ககிட்ட? ஜெனரேட்டர்லேர்ந்து மெஷினுக்கு?"

நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

"அதுவும் பட்டியல்ல இல்லியா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சுருட்டி மாட்டியிருந்த ஆரஞ்சு வயரைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அறுபத்து மூன்று வயதுப் பெண், என் வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்தாள். "பாத்திரம்!" என்றாள். ஓடிப்போய் நெல்டாவின் கேக் தட்டை எடுத்து வந்தேன். நட்டை அவள் திருகியதும் கறுப்பாக வழிந்தது. அரை லிட்டர் பிடித்ததும் நட்டை மூடினாள். புனல் இல்லை. என் சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலை வாங்கிச் சுருட்டி, அதன் வழியாக எஞ்சினில் ஊற்றினாள். பட்டியல் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மழையில் நனையக் கூடாதே என்று ஜெனரேட்டரை வாசல் கதவோரம் தள்ளினேன்.

"அண்ணே! அக்காவுக்குக் காத்து குடுக்கப் போறீங்களா, இருக்கற காத்தையும் எடுக்கப் போறீங்களா? புகை உள்ள போகும். அந்தக் கோடிக்குத் தள்ளுங்க!"

தள்ளினேன். தாழ்வாரத்தின் கடைக்கோடியில், தார்ப்பாய்க்கடியில் வைத்தோம். அந்தத் தார்ப்பாய் என்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லியென் கயிற்றைப் பிடித்து இரண்டே இழுப்பு. குபுக்கென்று புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. ஆரஞ்சு வயரின் மறு நுனியோடு உள்ளே ஓடினேன். மெஷின் ஒரு முறை கீச்சிட்டது. அப்புறம் 'ர்ர்ர்.'

குழாயை மாற்றி நெல்டாவின் மூக்கில் வைத்தபோது மீட்டரின் முள் சிவப்புக்குள் முக்கால்வாசி போயிருந்தது. அவள் உதட்டில் நீலம் போகும் வரை தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லியென் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மீன் டின்னையும் என் கையில் வைத்தாள்.

"உங்ககிட்ட ஓப்பனர் இருக்கும்ல?" என்றாள்.

கரண்ட் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நெல்டா புயலைப் பற்றியோ சிலிண்டரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. குற்றவாளி எதற்குத் தானாகப் போய் வழக்கை ஆரம்பிப்பான்?

இந்த பிப்ரவரி வந்தது. வெள்ளிக்கிழமை காலை நெல்டாவும் கூட வருகிறேன் என்றாள். சின்னச் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் போனேன். முக்காலி அதே இடத்தில் இருந்தது. வரிசையும் இருந்தது.

"வாங்க பட்டியலு!" என்றான் ஒருத்தன். "இந்த வருஷம் என்ன?"

நான் முக்காலியில் உட்காரவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு பாட்டில் எஞ்சின் ஆயிலைக் கல்லாவில் வைத்தேன். லெஸ்டர் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"டெல்மர், இதுக்கு வரி உண்டு."

"தெரியும். போடு."

"திங்கக்கிழமை வாங்கினாலும் அதே விலைதான். இன்னிக்கே கட்டணுமா?"

"இன்னிக்குத்தான் கட்டணும். போடு லெஸ்டர்."

யாரோ ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான்; கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

"வரி எவ்வளவு?" என்றாள் நெல்டா.

"ஒரு டாலர் பத்து சென்ட்."

சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள். இருமி முடித்து, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்குப் பாதிக்கு மேல இருக்குன்னு சொன்னியே. மீட்டர் என் பக்கம் பாத்துதான் இருந்துது டெல்மர்."

என் கையில் சாவி அப்படியே நின்றது. "தெரியுமா?"

"படிக்கத் தெரிஞ்சவதானே நான்."

"அப்ப ஏன் என்னைத் திட்டல? அதை விடு. ரொவீனா கூப்பிட்டப்பவே ஏன் கிளம்பல? பைய எடுத்து வச்சிட்டே, செருப்பும் போட்டுட்டே. நான் ஒரு முட்டாள், உக்காந்து மூஞ்சியத் தூக்கினா, என்னைத் தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவள் கடைப் பக்கம் பார்த்தாள். வாசலில் ஒருவன் நாலு தார்ப்பாயைச் சுமக்க முடியாமல் சுமந்துகொண்டு போனான்.

"இந்த மெஷின் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நீ என்னை எப்படிப் பாக்கறேன்னு உனக்குத் தெரியாது," என்றாள். "ராத்திரி நான் தூங்கறேன்னு நெனச்சு மேல குனிஞ்சு பாப்பே, மூச்சு வருதான்னு. காப்பி குடுக்கும்போது பாப்பே. ரெண்டு வருஷம் டெல்மர். பயந்துக்கிட்டே ஒருத்தன் நம்மளப் பாக்கறது எப்படி இருக்கும் தெரியுமா? அன்னிக்கு டி.வி.யில புயல் வருதுன்னு சொன்னான். நீ சிரிச்சே. இந்த ஒண்ணையாவது நான் பாத்துக்குவேன்னு உனக்கு இருந்துது. அந்த மூஞ்சிய நான் பாத்து ரெண்டு வருஷம் ஆயிருந்துது. அதான் செருப்பக் கழட்டிட்டேன்."

என் ஜெனரேட்டரை நம்பி அவள் தங்கினாள் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஜெனரேட்டரை நம்பவேயில்லை. என் சிரிப்புக்காகத் தன் மூச்சையே பணயம் வைத்திருக்கிறாள். நான் ஒரு டாலர் பத்து சென்ட் கொடுக்க மாட்டேன் என்று கை தட்டு வாங்கியவன். லெஸ்டர் கடை வாசலில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

நெல்டா என் முதுகில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் தட்டிக் கொடுத்தாள். அப்புறம் ஒரு குத்து விட்டாள்.

"இனிமே புயல்னா ரொவீனா வீடு. இப்ப வண்டிய எடு," என்றாள். "அதுல ஆயில் இருக்கில்ல?"